உப்புத் தண்ணீரில் கத்தரி வருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தற்சார்பு வாழ்க்கை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பசு, கீரைப்பாத்தி, மாடித்தோட்டம் எல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கள் கடற்கரை ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. மகளிர் குழுவில் கொடுத்த கத்தரி, வெண்டை விதைகள் முளைத்து, ஓரம் கருகிப் பட்டுப்போயின. தோட்டம் வேண்டுமென்றால் முருங்கை நடலாம். ஆவணியில் பனங்கொட்டையைப் புதைத்தால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு. மற்றபடி இந்தக் கரையில் தற்சார்பு என்றால் கருவாடும் மழைத்தண்ணீரும்தான் என்பது என் கட்சி.

என் வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணப் பணம் அரிசி, பருப்புக்கே இழுபறி. குழம்புக்குக் கருவாட்டுப் பெட்டிதான் துணை.

மீன் மலிவாகக் கிடைக்கும்போதே போட்டு வைக்க வேண்டும். நெத்திலியைக் கழுவி உப்பில்லாமலே காயப்போடலாம். சீலா மாதிரி மீன் என்றால் முதுகில் கீறி, குடல், செவுள் எடுத்து, ரத்தம் போகக் கழுவி, நாலு கிலோவுக்கு ஒரு கிலோ கல் உப்பு வீதம் பானையில் அடுக்கி ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். உப்புக்குப் பஞ்சமில்லை, வாலிநோக்கம் உப்பளம் இருக்கிறது. காலையில் அலசிக் காயப்போடும்போது மணலில் மட்டும் போடக்கூடாது. (சந்தையில் மணலையும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள்!) பழைய வலையை நாலு கம்பில் இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டினால் அடியிலும் காற்று ஓடும், நாயும் வராது. காக்கைக்கு மேலே இன்னொரு வலை. நெத்திலி படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில். சூட்டோடு அடைத்தால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். நிழலில் ஆறவைத்து, கடல் ஈரம் இறங்குமுன் ஓலைப்பெட்டியில் போட்டு மூடிவிடுவேன்.

மழை எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். 500 சதுர அடித் தளத்தில் 10 செ.மீ. பெய்தால் கிட்டத்தட்ட 4,000 லிட்டர் பிடிக்கலாம். முதல் மழை தளத்தைக் கழுவிப் போகட்டும், அப்புறம் வருவதை வேட்டித்துணியில் வடித்துத் தொட்டியில் விடலாம். மூடி இல்லாத தொட்டி கொசுவுக்குத்தான் ஆகும். இப்போதோ அந்த மழையைத் தெருவில் ஓடவிட்டு, கோடையில் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அடுத்த தடவை எங்கள் பக்கத்துக் குழுக்களுக்கு விதைப் பொட்டலத்துக்குப் பதில், மூடியுள்ள தொட்டியும் கருவாடு காயப்போடும் வலைச் சட்டமும் கொடுக்கச் சொல்லி எழுதுங்கள். வலைச் சட்டம் மாசிக்குள் வந்தால் இந்தத் தடைக்காலத்துக்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மூக்கையூர், ராமநாதபுரம் மாவட்டம்