மண் அரித்துப்போகும் இடத்தை முதலில் தோண்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அகழாய்வுச் செய்தி வந்தாலே என்ன கிடைத்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கிடைத்த பொருளுக்கு வயசு சொல்வது அது கிடந்த மண்தான் என்பதை யாரும் பேசுவதில்லை.

சவுதியின் நெஃபுத் பாலைவனத்தையே பாருங்கள். இன்றைக்கு வெறும் மணல்மேடு, ஆனால் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, மழை கூடிய காலங்களில் அங்கே ஏரி நின்றிருக்கிறது, கரையில் மனிதர்கள் கற்கருவிகளை விட்டுப் போயிருக்கிறார்கள். மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போனதால்தான் அந்த ஏரிப்படிவு வெளியே தெரிந்தது. அதே காற்று இப்போது படிவையும் அரிக்கிறது. மண் பறந்துவிட்டால் வெவ்வேறு காலத்துக் கற்கள் ஒரே தரையில் இறங்கிக் கலந்துவிடும், அப்புறம் எது முந்தியது எது பிந்தியது என்று பிரிக்கவே முடியாது.

வயசு கணிக்க ஆய்வாளர்கள் குழியின் பக்கச்சுவரில் ஒரு குழாயை அடித்து, வெளிச்சம் படாமல் மூடி மணலை எடுக்கிறார்கள். அந்த மணல் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் கணக்கிடலாம். ராஜஸ்தானில் தார் பாலைவன ஓரத்திலுள்ள சிங்கி தலாவில், கைக்கோடரி செய்தவர்கள் சுமார் 1,77,000 ஆண்டுகளுக்கு முன்பு வரைகூட இருந்தார்கள் என்று இந்த முறையில்தான் சொன்னார்கள். மண்ணடுக்கு கலைந்திருந்தால் அந்த வயசு கிடைத்திருக்காது.

சரி, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வருவோம். மயிலாடும்பாறை இரும்புக்கு கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்களே, அதுவும் கலையாத அடுக்கிலிருந்து வந்ததுதான். இங்கே பாலைவனக் காற்று இல்லை, ஆனால் ஒரு பெருமழைக்குப் பிறகு பாறையடிவாரத்துக் காட்டில் ஓடை பறித்த இடத்தைப் போய்ப் பாருங்கள். செம்மண்ணில் நகத்தளவு வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) சில்லுகள் கிடக்கும். எல்லாமே கருவி அல்ல, ஆனால் சிலவற்றின் ஓரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தால் மனிதன் தட்டிய தட்டு தெரியும். மழை மிச்சம் வைத்ததை ஜேசிபி ஒரே நாளில் சமன் செய்துவிடுகிறது!

தொல்லியல் துறையிடம் கேட்பது இதுதான். அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பத்திரமாக இருக்கும் மேட்டை விட்டுவிட்டு, அரிப்பில் போய்க்கொண்டிருக்கும் சரிவுகளை முதலில் தோண்டுங்கள். குவாரிக்கு அனுமதி தருமுன் அந்த நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். விவசாயிகளும் மாணவர்களும், கல் அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போகாமல், கிடந்தபடியே படம் எடுத்து கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். எந்தெந்தச் சரிவு அரிக்கிறது என்ற கணக்கெடுப்பு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.