மூன்றாம் மாடி அக்காவுக்கும், வாடகை வாங்காத தம்பிக்கும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில், அம்மாவின் கையில் தீப்பட்ட அன்றிரவு கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்த எல்லோருக்கும் இந்த மடல். நேரில் நன்றி சொல்லப் போனால் அம்மா அழுதுவிடுகிறார், ஆகவே எழுதுகிறேன்.

அடுப்பில் பால் சிறு தீயில் இருந்தது. பின்னால் கரப்பான் பூச்சி ஓடியதைக் கண்ட அம்மா, பூச்சி மருந்து டின்னை எடுத்து அந்த இடுக்கில் ஓர் அழுத்து அழுத்தினார். டின்னுக்குள் மருந்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் புரோப்பேனும் பியூட்டேனும். நாம் சமைக்கிற அதே காஸ். 'பக்'கென்று பற்றிய தீ வலக் கையைத் தடவிவிட்டு அணைந்தது. இரண்டு விநாடிகூட இருக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கை வரை கொப்புளித்தது. நெருப்பருகே தெளிக்கக்கூடாது என்று டின்னில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. மறுநாள்தான் கண்ணாடி போட்டு வாசித்தேன்.

மூன்றாம் மாடி அக்கா, "வத்துர, வத்துர" (தண்ணீர், தண்ணீர்) என்று சிங்களத்தில் கத்தியபடி வந்து அம்மாவின் கையைக் குழாயின் கீழ் பிடித்தவர் நீங்கள். 20 நிமிடம். அம்மா நடுங்கியும் நீங்கள் விடவில்லை. குழாயில் தண்ணீர் மெலிந்ததும் உங்கள் பிள்ளைகள் வாளியில் சுமந்துவந்து ஊற்றினார்கள். கை வீங்குமுன் காப்புகளைக் கழற்றி வைத்ததும் நீங்கள்தான். பற்பசையோடு வந்த எங்கள் மாமியை வாசலிலேயே மறித்தீர்களே, அதற்குத் தனி நன்றி. (மாமி, கோபிக்க வேண்டாம். நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.)

தேசிய வைத்தியசாலையின் தீக்காயப் பிரிவில் வைத்தியர் முதலில் கேட்டதே, எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதைத்தான். பற்பசை சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், காயத்தைப் பார்க்க அதைக் கழுவி எடுப்பது பெரும் வேதனை என்றார். தோல் ஒட்டத் தேவையில்லாமல் மூன்று வாரத்தில் ஆறியது. ஒட்டிக்கொண்ட கட்டுத் துணியை நனைத்து நனைத்து, பேரப்பிள்ளைகளின் கதை கேட்டுக்கொண்டே உரித்தெடுத்த தாதியரை அம்மா தினமும் நினைக்கிறார்.

காலி வீதி நெரிசலில் முச்சக்கரவண்டியை ஓட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு, வாடகை வாங்காமல் திரும்பிய தம்பி, உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். ஈரத் துவாய் ஒன்று உங்கள் பின்னிருக்கையில் கிடந்திருக்கும். அதைக் கொடுக்கும் சாக்கிலாவது ஒருநாள் வாருங்கள். பால் தேநீர் இப்போது அம்மாவே ஆற்றித் தருகிறார்.