1.6 மில்லிமீட்டர் சந்து

டேய் மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று திட்டியிருப்பாய், திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம். வேலந்தாவளத்தில் ஆடிக் காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிறது, மொட்டை இன்னும் உன் முந்நூறு ரூபாயைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

விஷயம் வேறு. கஞ்சிக்கோட்டில் போன வருடம் எண்ணெயைச் சூடேற்ற ஹீட் எக்ஸ்சேஞ்சர் போட்டோமே, ஷெல் என்கிற உருளைக் கூட்டுக்குள் டியூபாக அடுக்கி, அதன் டிராயிங்கைப் பார்த்துவிட்டு, "ஷெல் பக்கம் அழுக்கு எண்ணெய் ஓடுது, முக்கோணமாவா அடுக்குற?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். 19.05 மி.மீ. டியூப், பிட்ச், அதாவது டியூப் நடுவுக்கு நடு, 23.81. அதே பிட்சில் சதுரமாக அடுக்குவதைவிட 15 சதவீதம் டியூப் கூடக் கொள்ளும், ஷெல் சின்னதாகும், காசு மிச்சம் என்று மேனேஜரிடம் பெருமையடித்தவன் நான்தான்.

போன வாரம் பண்டிலை, அந்த டியூப் கட்டை, வெளியே உருவினோம். கரி மாதிரி அப்பிக் கிடக்கிறது. தண்ணீர் ஜெட் அடித்துக் கழுவ வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாரே, வழி எவிடெ?" என்றார். டியூபுக்கும் டியூபுக்கும் 4.76 மி.மீ. இருக்கிறதுதான், ஆனால் வரிசைக்கு நடுவில் நேராகக் கண் வைத்துப் பார்த்தால் 1.6 மி.மீ.கூட இல்லை. ஓரத்து இரண்டு வரிசை பளபளவென்று வந்தது, உள்ளே அப்படியே இருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், உருவிக் கழுவ வேண்டும் என்றுதானே பண்டிலைக் கழட்ட வழிவிடும் ஃப்ளோட்டிங் ஹெட்டுக்கு அவ்வளவு காசைக் கொட்டினேன்! கழட்ட முடியாத ஃபிக்ஸட் டியூப் ஷீட்டாக இருந்து, ஷெல்லில் சுத்தமான சரக்கு ஓடியிருந்தால் முக்கோணம் சரிதான். எனக்குத் தூக்கமே வரவில்லைடா.

இப்போது புதுப் பண்டில். எக்ஸ்சேஞ்சருக்குத் தரவிதி வகுக்கும் டெமா சொல்கிற 6.35 மி.மீ. சந்து விட்டு, 25.4 பிட்சில் சதுரம். ஆனால் ஷெல்லை மாற்ற விடமாட்டார்கள், அப்படியென்றால் 400 டியூப் இருந்த இடத்தில் 300 சொச்சம்தான் கொள்ளும். சூடு கடத்தும் பரப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு போச்சு. அதனால்தான் சதுரத்தை ஓட்டத்துக்கு நேராக 90 டிகிரியில் வைப்பதா, சாய்த்து 45இல் வைப்பதா என்று மண்டை காய்கிறது. நம் எண்ணெய் கெட்டி, மெதுவாக ஓடும். 90இல் சந்து வழியாகவே நழுவிப் போய்விடும், 45 என்றால் டியூபில் முட்டி முட்டித்தான் போகணும், சூடு நன்றாக ஏறும். சந்தும் இருக்கும், ஜெட்டைச் சாய்த்துப் பிடித்தால் போதும். பிரஷர் டிராப், அதாவது வழியில் இழக்கும் அழுத்தம், கூடும், பழைய பம்ப் தாங்குமா என்பதுதான் பயம்.

எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு தள்ளும் என்று காட்டும் பம்ப் கர்வ் இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல். சிரிக்காதே. சரி, சிரித்துவிட்டே சொல், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

உன்
முக்கோணம்