4கே டிஸ்க் வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இரண்டாவது கண்ணிலும் புரை நீக்கியாயிற்று என்று படித்ததும் நிம்மதி. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றால் உன் டிஸ்க் அலமாரியின் கீழ்த்தட்டு இனி உனக்கில்லை. இப்போதே எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடு. இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி வந்து போகிறது. போவதைவிட வருவதுதான் அதிகம்.

இருக்கிற ப்ளூ-ரேக்களைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் 4கே-யில் திரும்ப வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். 4கே பிளேயர் வாங்கலாமா என்று கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

திரையில் படத்தை உருவாக்கும் புள்ளிகளின் கணக்கில் நீ மயங்கிவிட்டாய் என்று நினைக்கிறேன். டிவிடியில் 720க்கு 576, ப்ளூ-ரேயில் 1920க்கு 1080, 4கே-யில் 3840க்கு 2160. நான்கு மடங்கு என்று அட்டையில் போட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் 55 அங்குல டிவியை ஏழடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தால், நல்ல பார்வை உள்ளவருக்கே 1080-இன் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. தெரியாத புள்ளியை நான்காகப் பிளந்தால் என்ன தெரிந்துவிடப் போகிறது? உன் சோபா எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடப்பது எனக்குத் தெரியும். டிவிடியிலிருந்து ப்ளூ-ரேக்கு வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் வித்தியாசம் தெரிந்தது. இந்த முறை அப்படித் துள்ளிக் குதிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. 2000-க்குப் பிறகு வந்த ஏராளமான படங்களை, பெரிய செலவில் எடுத்தவை உட்பட, 2கே-யில்தான் முடித்தார்கள். அதாவது கடைசியாகத் தயாராகும் மூலப் பிரதியே 2048 புள்ளி அகலம்தான், ப்ளூ-ரேயைவிடக் கொஞ்சம்தான் கூட. கிராபிக்ஸ் காட்சிகளும் அதே அளவில்தான். அதைப் பெரிதாக்கி 4கே டிஸ்கில் பதித்துக் கொடுக்கிறார்கள். மாறாக, அறுபதுகளில் ஃபிலிமில் எடுத்த ஒரு படத்தின் நெகட்டிவ் நன்றாக இருந்து, அதைப் புதிதாக ஸ்கேன் செய்திருந்தால், ப்ளூ-ரேயில் வராத நுணுக்கம் 4கே-யில் வரும். வழக்கத்தைவிட அகலமான 65 மி.மீ. நெகட்டிவ் என்றால் கேட்கவே வேண்டாம். நம் வயதுப் படங்களுக்குத்தான் இந்த டிஸ்க் அதிகம் பயன்படும்! அதிலும் சில இடங்களில் ஃபிலிமின் துகள்களைத் துடைக்கிறேன் என்று முகத்தையே மெழுகுப் பொம்மை ஆக்கிவைக்கிறார்கள். ஆகவே படம் படமாக விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.

உண்மையில் காசு பெறுவது பெரும்பாலான 4கே டிஸ்குகளில் கூடவே வரும் எச்.டி.ஆர்.தான், அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் இன்னும் விரிவாகக் காட்டும் முறை. பழைய முறையில் படத்தின் உச்ச வெளிச்சத்தை 100 நிட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று வைத்து நிறம் சரிசெய்வார்கள். எச்.டி.ஆரில் அது 1000, சிலவற்றில் 4000 வரை போகும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் இருந்த இடத்தில் 1024. அந்திவானத்தில் பட்டை பட்டையாகத் தெரியுமே, அது பெரும்பாலும் மறைந்துவிடும். இது சோபா எங்கே இருந்தாலும் தெரியும். புரை நீக்கியபின் நீலம் இவ்வளவு நீலமா என்று எழுதியிருந்தாயே, உன்னிடம் இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் டிவிக்கு அந்தத் தெம்பு இருக்க வேண்டும். எச்.டி.ஆர். என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ளே 300 நிட்டைத் தாண்டாது. அதில் 4கே டிஸ்கைப் போட்டால் சில சமயம் ப்ளூ-ரேயைவிட மங்கலாகவே தெரியும். முதலில் டிவி, பிறகு டிஸ்க்.

ஆன்லைனில் 4கே வரும்போது டிஸ்க் எதற்கு என்று உன் மருமகன் கேட்பதில் நியாயம் உண்டு, பாதி. ஆன்லைனில் படத்தின் தகவல் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வரை வரும். 4கே டிஸ்கில் அது 100-ஐயும் தாண்டலாம். உன்னிடம் இருக்கும் சாதாரண ப்ளூ-ரேயே 40 வரை போகும். புகை, மழை, இருட்டு வரும் காட்சிகளைப் போட்டுக் காட்டு, வாதம் முடிந்துவிடும். டிஸ்கில் இருப்பது இழப்பில்லாத ஒலி என்பதையும் சொல்.

இனி பிளேயர். அதை வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ப்ளூ-ரே, டிவிடி இரண்டும் அதில் ஓடும், ஆகவே அலமாரியில் எதுவும் வீணாகாது. ஒரு நாட்டில் வாங்கிய டிஸ்க் வேறு நாட்டுப் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் மண்டலப் பூட்டும் 4கே டிஸ்குக்குக் கிடையாது. பழைய ப்ளூ-ரேக்களுக்கும் டிவிடிகளுக்கும்தான் அந்தத் தொல்லை. ரொம்ப நாள் தள்ளிப்போடாதே. ஓப்போ 2018-லும் சாம்சங் 2019-லும் இந்தத் தொழிலை விட்டு விலகிவிட்டன, மிச்சம் இருப்பவர்களும் எத்தனை நாள் செய்வார்களோ. மகன் விட்டுப்போன பிளேஸ்டேஷன் 4-இல் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதே; ப்ரோ மாடலில்கூட 4கே டிஸ்க் ஓடாது. டிஸ்க் டிரைவ் உள்ள 5-இல் ஓடும்.

உன் பழைய ஆம்ப்ளிஃபயர் எச்.டி.சி.பி. 2.2 என்ற நகல் தடுப்பு முறைக்கு முந்தியதாக இருந்தால் அதன் வழியாக 4கே படம் போகாது. அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இரண்டு எச்.டி.எம்.ஐ. வாய் உள்ள பிளேயராகப் பார்த்து, படத்தை நேரே டிவிக்கும் ஒலியை மட்டும் ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுத்துவிடலாம்.

டிவியின் பின்பக்கம் இருக்கும் மாடல் எண்ணையும், டிவிக்கும் சோபாவுக்கும் எத்தனை அடி என்பதையும் எழுதி அனுப்பு. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். கண்ணுக்கு மருந்து விடுவதை மறக்காதே.

அன்புடன்,
ராமு