இயற்கைதானே, ஒன்றும் செய்யாதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார நலவாழ்வு இணைப்பில் மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற சத்தைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருந்தீர்கள். முழுக் கட்டுரையையும் குறை சொல்ல மாட்டேன். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ சிகிச்சைக்குப் பதிலாக அல்ல, துணையாகத்தான் என்று இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறது. ஆனால் கட்டம் கட்டிப் போட்ட அந்த வரி: 'இயற்கைப் பொருள் என்பதால் பக்கவிளைவு கிடையாது.' அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷமும் இதே வரி உங்கள் இணைப்பில் வந்தது. என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருந்த நேரம். பக்கத்து வீட்டு மதினி அதை வெட்டி எடுத்து வந்து கையில் கொடுத்தார், நல்ல மனசோடுதான். எனக்குத் தெரியாமல் மஞ்சள் கேப்சூல் வாங்கி, தினம் இரண்டு வீதம் மூன்று வாரம் விழுங்கியிருக்கிறாள். விடிகாலை 3 மணிக்கு எழுந்து, ராமநாதபுரம் போய், அங்கிருந்து மதுரை பஸ் பிடித்துப் போய் நின்றால், ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறிக் கிடக்கிறது. கீமோ போடவில்லை. இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். கேப்சூலாலா, கீமோ மருந்தாலா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. "இதை ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்றுதான் கேட்டார். "மஞ்சதானே சார்" என்றாள். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

குழம்பில் போடும் மஞ்சள் வேறு, அந்த டப்பாவில் இருப்பது வேறு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் ரத்தத்தில் சேர்வது சொற்பம். அதனால்தான் மிளகிலிருந்து எடுத்த பிப்பரினைக் கூடச் சேர்க்கிறார்கள். சேர்த்தால் 20 மடங்கு ஏறுகிறது என்று 1998 ஆய்வைக் காட்டி நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். சரி, குர்குமினை ஏற்றிவிடுகிற மிளகுச் சத்து மற்ற மருந்துகளின் அளவை மட்டும் தொடாமல் விட்டுவிடுமா? பல மருந்துகளை ஈரல் கழிக்கும் வேகத்தையே அது மாற்றும். அதற்கு உங்கள் முக்கால் பக்கத்தில் இடமில்லை. எதிர்ப்பக்கத்தில் கேப்சூல் விளம்பரத்துக்கு மட்டும் கால் பக்கம் கிடைத்திருக்கிறது.

இயற்கை என்றால் எங்களுக்கும் கொஞ்சம் தெரியும், ஐயா. எங்கள் பக்கம் கடற்கரை மணலில் தண்ணீர் ஊற்றாமலே நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கும். சுடுகாட்டு மல்லி என்போம். அந்தச் செடியிலிருந்து வந்ததுதான் வின்கிறிஸ்டின்; 1963-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிறார்கள். நரம்பை மரக்கச் செய்யும். ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டியதைத் தவறி முதுகுத்தண்டில் ஏற்றினால் உயிரே போகும். இதுவும் இயற்கைதானே? என் மனைவிக்கு ஏற்றிய பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தும் முதலில் யூ மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. அவள் ஓலைக் கொட்டான் முடைகிறவள். இப்போது விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. ஓலை கிழிக்கும்போது கத்தி பட்டால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். மரம் தந்த மருந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. பக்கவிளைவு கிடையாது என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள்.

போன வருஷமே இதைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். இடமில்லை போலிருக்கிறது, அந்த வாரம் ராசிபலன் இரண்டு பக்கம் வந்திருந்தது. புயல் வந்தாலோ, மீனவரைப் பிடித்துக்கொண்டு போனாலோதான் எங்கள் ஊர் உங்கள் கண்ணில் படும் என்பது பழகிவிட்டது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே இணைப்பில், அதே இடத்தில், அதே அளவு கட்டம் கட்டி ஒரு வரி போடுங்கள்: 'கீமோ எடுப்பவர்கள் மஞ்சள் கேப்சூல் உட்பட எதைச் சாப்பிடுவதானாலும் முதலில் தங்கள் டாக்டரிடம் சொல்லவும்.' மதினி இப்போதும் உங்கள் பக்கங்களை வெட்டி வைக்கிறார். இதையும் வெட்டுவார்.

இப்படிக்கு,
பனைக்குளம் பக்கத்திலிருந்து
உங்கள் பழைய வாசகர்