பிராகாரத்தைத் திறந்துவிடுங்கள்: விளையாட்டு வடிவமைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டு உலகின் தலைநகர் நடுவே நின்ற பெருங்கோயிலைத் தலைமைச் செயலகமாக மாற்றிய சென்ற மாத அப்டேட்டைப் பற்றி எழுதுகிறேன். பழைய அரண்மனை எரிந்ததும், அரசிக்கு ஆட்சி நடத்த ஓர் இடம் தேவைப்பட்டதும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியவை அல்ல. அந்தக் கதையை நான் எதிர்க்கவில்லை. கருவறையில் வரிக்கணக்கு எழுதுவதும் கொடிமரத்தில் அரசியின் கொடியை ஏற்றுவதும் கதை எழுதுகிறவர்களின் உரிமை. நான் கேட்பது ஒன்றுதான்: வெளிப் பிராகாரத்தில் முன்புபோல எல்லோரும் நடக்கும்படி அதைத் திறந்துவிடுங்கள்.

என் அப்பா, கற்சிற்பத் தொழிலுக்குப் பேர்போன எங்கள் ஊரான மயிலாடியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கல் கொத்தியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலக்கை விழுந்துவிட்டது, நடையும் போய்விட்டது. அவர் பார்க்க விரும்பும் கல்தூண்கள் உள்ள சுசீந்திரம் கோயில் எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடும் இடம்தான் என்றாலும், அவரைத் தூக்கி ஏற்றி இறக்க என் ஒருவனால் முடியவில்லை. ஒருநாள் நான் விளையாடிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தவர், திரையில் உங்கள் கோயிலின் பிராகாரம் வந்ததும் தன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். அன்று முதல் வீட்டில் விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் அவருடையது. சொடுக்கிய இடத்துக்குக் கேரக்டர் நடந்து போகும் என்பதால் இடக்கை ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் அங்கே யாரோடும் சண்டையிடவில்லை, பொன் சேர்க்கவில்லை, லெவல் ஏறவுமில்லை. கிழக்கு வாசலில் நுழைந்து, தூண் தூணாக நின்று பார்த்து, வலம் முடித்து வெளியே வருவார். தெற்கு வரிசையில் ஒரு தூணின் போதிகை, அதாவது உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் கல், திரும்பியிருக்கிறது என்றும், விளக்கேந்திய பாவையின் விரல் மடிப்பு சரியில்லை என்றும் என்னிடம் குறை சொல்வார். அடுத்த நிமிடமே, கொடுங்கையின், அதாவது கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கல்லின், வளைவை வரைந்த பிள்ளை கல்லைத் தொட்டுப் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும் என்று மெச்சுவார். அவருக்கு மிகவும் பிடித்தவை வடமேற்கு மூலையில் இருந்த இசைத்தூண்கள். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்தில், ஒரே கல்லில் சிறுதூண்களைக் கொத்தாகப் பிரித்துச் செதுக்கி, தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் தரும்படி செய்திருக்கிறார்கள் அல்லவா? உங்கள் தூண்களும் அப்படியே ஒலித்தன. கருங்கல்லின் நாதத்தை உளியோடு வாழ்ந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, சரிதான் என்று தலையசைத்தார் என்றால், அதைவிடப் பெரிய பாராட்டு உங்கள் ஒலிக் கலைஞருக்குக் கிடைத்திருக்காது.

அப்டேட் வந்த அன்று மாலையும் அவர் வழக்கம்போலக் கிழக்கு வாசலுக்குப் போனார். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டி, பிரபுக்கள் மட்டும் உள்ளே செல்லலாம், மற்றவர்கள் டோக்கன் பெற்று வரி செலுத்தும் சாளரத்தில் நிற்க வேண்டும் என்றான். அப்பா டோக்கன் எடுத்தார். முறை வந்தபோது, அது வரி கட்டுவதற்கு மட்டுமே செல்லும், பிராகாரத்துக்குச் செல்லாது என்று எழுத்து வந்தது. அதை வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "மக்களே, நம்மள உள்ள விட மாட்டானுவளா?" என்று என்னைக் கேட்டார். பெற்ற பிள்ளையை எங்கள் ஊரில் மக்களே என்றுதான் அழைப்பார்கள். பணம் கட்டினால் பிரபு பட்டம் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏன் மனம் வரவில்லை என்பதை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாறு தெரிந்தால் நீங்கள் புரிந்துகொள்வீர்கள். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காக 1926இல் டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் சத்தியாகிரகம் நடந்தது. கோயிலுக்குள் போவது கூட அன்றைய கோரிக்கை அல்ல. வெளியே உள்ள தெருவில் கால் வைப்பதுதான் கோரிக்கை. எங்கள் பகுதி அன்று இருந்த திருவிதாங்கூர் அரசின் கோயில் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் துன்பத்தையும் ஒரு விளையாட்டின் பூட்டிய கதவையும் நான் ஒன்றாக எடை போடவில்லை. ஆனால் கல் பாவிய ஒரு வழியில் இன்னார் நடக்கலாம், இன்னார் நடக்கக் கூடாது என்று ஈட்டி பிடித்த ஒருவன் பிறப்பையும் பட்டத்தையும் பார்த்துச் சொல்லும் காட்சியை, இந்த மண்ணில் வளர்ந்த எவராலும் வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியாது. கோயிலாக இருந்தபோது எல்லோருக்கும் திறந்திருந்த இடம், எல்லோருக்கும் பொதுவான அரசின் அலுவலகமான பிறகு சிலருக்கு மட்டும் என்று ஆனது எந்த நியாயத்தில்?

ஒரு கட்டடம் தொழில் மாறினால் பழைய வாழ்வு முழுவதும் அழிந்துவிட வேண்டும் என்பதும் இல்லை. திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் கீழ்த்தளம் கருவூலம். மேல்தளம் பத்மநாபசுவாமிக்கு உரியது. அரசின் பணமும் தெய்வத்தின் இடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போன பின், நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவது வழக்கமானது. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் மாவட்டம் இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு இணைந்து, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் நின்ற பின்பும் அந்தப் புறப்பாடு நிற்கவில்லை. எங்கள் மாவட்டத்துச் சிதறால் மலையில் சமணர் வழிபட்ட இடம் பின்னர் பகவதி கோயிலானது. சமணர் வணங்கிய தீர்த்தங்கரர்கள் இன்றும் அந்தப் பாறையில் சிற்பங்களாக அமர்ந்திருக்கிறார்கள். ரோமில் ஹேட்ரியன் பேரரசனுக்கு எழுப்பிய கோயிலைப் பின்னாளில் சுங்க அலுவலகமாக்கினார்கள். அதன் பதினோரு தூண்கள் இன்றும் தெருவைப் பார்த்து நிற்கின்றன. நீங்களோ தூண்களுக்கு இடையே பலகைச் சுவர் வைத்து, பாவை விளக்குகளை அகற்றிவிட்டீர்கள். இது ஒரு காலத்தில் கோயிலாக இருந்தது என்று புதிதாக விளையாட வருகிற ஒருவருக்கு எதைக் காட்டிச் சொல்வது?

இதையெல்லாம் உங்கள் புகார்ப் படிவத்திலேயே எழுத முயன்றேன். ஒரு சிறு பத்திக்கு மேல் அது ஏற்கவில்லை. மூன்று முறை அனுப்பியும் ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. ஆற்றங்கரைப் படித்துறைக்குக் கட்டணம், சந்தைத் திண்ணைக்குக் கட்டணம் என்று, சும்மா உட்காரக்கூடிய இடங்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு மாய உலகத்தில் கூட ஏழைக்கு வரிசையும் பணக்காரனுக்கு வாசலும்தான் என்றால், மனிதர் அதற்குள் எதைத் தேடி வர வேண்டும்? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உழைத்துச் செய்த உலகம் என்பதால்தான் இவ்வளவு எழுதத் தோன்றுகிறது.

ஒன்றைக் கவனித்தேன். மதிலுக்கு வெளியே வடமேற்கு மூலையில் ஒட்டி நின்று சொடுக்கினால், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு தூண் மட்டும் இப்போதும் ஒலிக்கிறது. ஒலிகளை நீங்கள் அழிக்கவில்லை, வழியைத்தான் அடைத்திருக்கிறீர்கள். ஆகவே புதிதாக எதையும் செய்து தரும்படி நான் கேட்கவில்லை. செயலகம் உள்ளே இருக்கட்டும், காவலன் உள்வாசலில் நிற்கட்டும். வெளிப் பிராகாரத்தின் பலகைச் சுவரை மட்டும் எடுத்து, டோக்கனும் பட்டமும் இல்லாமல் யாரும் வலம் வரும்படி அதைத் திறந்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா இப்போது மாலையில் அந்த மூலைக்குத்தான் போகிறார். அந்த ஒரு தூணைத் தட்டிக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். உங்கள் பதில் தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் அவருக்கு நான் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
மயிலாடியிலிருந்து,
உங்கள் விளையாட்டை ஆறு ஆண்டுகளாக ஆடிவரும் ஒருவன்