உதிர்ந்த முடியின் அடியைப் பார்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

காய்ச்சலைத் தனியாகவே சமாளித்துவிட்டாய், கெட்டிக்காரிதான். ஆனால் அதன் பிறகு எல்லாப் படத்திலும் தொப்பி. குளிர் என்பாய். நான் கேட்கவில்லை. சரியாகச் சாப்பிடுகிறாயா?

சீப்பில் வரும் முடி ஒன்றின் அடிநுனியை வெளிச்சத்தில் பார். வெள்ளையாய்ச் சின்னக் குமிழ் இருந்தால் வளர்ச்சி நின்ற ஓய்வுக் கட்டம் முடிந்து தானாக விழுந்தது. கடுங்காய்ச்சலுக்கு 2, 3 மாதம் கழித்துத்தான் இப்படிக் கொட்டும். முடிதான் போகிறது, மயிர்க்கால் அங்கேயே இருக்கிறது.

மயிர்க்காலில், முடியைச் சிலிர்க்கவைக்கும் குட்டித் தசை ஒட்டும் இடத்தில் ஒரு புடைப்பு. புது முடியை முளைக்கவைக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது மூலச் செல்கள், இருப்பது அங்கே. அவற்றுக்கு வெளியே லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதங்கள் பின்னிய அடித்தளச் சவ்வு. செல்லின் பிடிப்புப் புரதங்களான இன்டெக்ரின்களும் 17-ஆம் வகைக் கொலாஜனும் அதில் கொக்கியாய் மாட்டிக்கொள்ளும். இந்தப் பிடிதான் அவற்றை ஸ்டெம் செல்லாகவே நிறுத்துகிறது. 2016-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியில் காட்டினார்கள்: வயதாகி 17-ஆம் வகை சிதைந்ததும் அந்தச் செல்கள் மேல்தோல் செல்லாக மாறி உதிர்ந்துபோயின, மயிர்க்காலும் சிறுத்தது. தசை அங்கே வந்து ஒட்டுவதும் அதே செல்கள் சவ்வில் சேர்க்கும் நெஃப்ரோனெக்டின் என்ற புரதத்தால்தான். எத்தனை முறை படித்தாலும் வியப்பாக இருக்கிறது.

கொலாஜன் கிரீம் வாங்கித் தலையில் தடவாதே. அந்த மூலக்கூறின் எடை ஏறக்குறைய 3,00,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). 500-ஐத் தாண்டினாலே தோலுக்குள் இறங்குவது கடினம். கொலாஜனை உடம்புதான் கட்டவேண்டும். அதற்குப் புரதம், இரும்புச்சத்து, வைட்டமின் சி மூன்றும் வேண்டும். அதனால்தான் சாப்பிடு, சாப்பிடு என்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் பயப்படுகிறேன். எங்காவது தோல் வழவழப்பாய்ப் பளபளத்து, முடித்துளையே தெரியவில்லையா? முடியைச் சுற்றிச் சிவப்பு, செதில், எரிச்சல்? அப்படியென்றால் அழற்சி புடைப்பையே அழிக்கிறது. அங்கே தழும்பு விழுந்தால் முடி திரும்பாது, காத்திருக்கவும் கூடாது. உடனே தோல் மருத்துவரிடம் போ. பயாப்ஸி, அதாவது சோதிக்கத் தோல் துண்டு எடுப்பது என்றால், 4 மி.மீ. துளையாக எடுப்பார்கள். வழுக்கையின் நடுவில் வேண்டாம், அங்கே தழும்புதான் தெரியும். முடி இன்னும் இருக்கிற சிவந்த ஓரத்தில் எடுக்கச் சொல்.

இதையெல்லாம் நீ சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும். எதையும் சொல்லமாட்டாய், உன் அப்பா மாதிரியே. வகிடு எடுத்து, நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் ஒரு படம் அனுப்பு. துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன். சாப்பிடு.

அம்மா